மாடல் 100 கணினியில் பாக்கெட் ரேடியோ ஓடுமா?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் மாமா 1980களில் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த டாண்டி டிஆர்எஸ்-80 மாடல் 100 கணினி ஒன்று வீட்டு அலமாரியில் கிடக்கிறது. நீங்கள் புதிதாக ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலி, உரிமம் வாங்கியிருக்கிறீர்கள். கையில் ஒரு மலிவான சீன ஹேண்டி (கையடக்க ரேடியோ) இருக்கிறது. ஒருவரிடம் பழைய டிஎன்சி, அதாவது கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே மாட்டும் பெட்டி, விலைக்கு வருகிறது. இவ்வளவு பழைய கணினிக்கு பாக்கெட் ரேடியோவை, அதாவது எழுத்துகளைப் பொட்டலம் பொட்டலமாக வானில் அனுப்பும் முறையை, ஓட்டும் தெம்பு உண்டா, அதற்குள்ளேயே மோடம் இருக்கும்போது டிஎன்சி எதற்கு, பேசாமல் ராஸ்பெரி பை என்ற இன்றைய குட்டிக் கணினி ஒன்றை வாங்கிவிடலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பாக்கெட் ரேடியோவில் எந்த வேலையை யார் செய்கிறார்கள்? அது புரிந்துவிட்டால், தெம்பு பற்றிய கவலை தானாகப் போய்விடும். அப்புறம் நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

நான் கருவிப் பராமரிப்புத் துறையில் வேலை பார்த்தவன். 1990களின் தொடக்கத்தில் வேலை நிமித்தம் சில வருடங்கள் அமெரிக்காவில் இருந்தபோது பாக்கெட் பழக்கமானது. இதே மாடல் 100 ஒன்றைப் பழையதாக வாங்கி, ஒரு டிஎன்சியோடு சேர்த்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். அந்தக் கணினி இன்றும் என்னிடம் ஓடுகிறது. அதனால் கீழே சொல்வதில் பெரும்பாலானவை கை பட்டுத் தெரிந்துகொண்டவை. உங்கள் கணினியையும் அந்த டிஎன்சியையும் நான் பார்க்கவில்லை என்பதால், ஊகித்துச் சொல்லும் இடங்களில் அது ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேலைப் பிரிவினை. ஹாம்களின் பாக்கெட் முயற்சி 1978-இல் கனடாவில், மாண்ட்ரியாலில் தொடங்கியது. வான்கூவர்க்காரர்கள் அதற்கென்றே ஒரு தனிப் பலகை செய்தார்கள். பிறகு அரிசோனாவின் டூசான் நகரில் கூடிய ஒரு குழு, டிஏபிஆர் என்ற பெயரில், 1985-இல் டிஎன்சி-2 என்ற பெட்டியை, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உதிரிப்பாகத் தொகுப்பாக விற்றது. உலகமெங்கும் பாக்கெட் பரவக் காரணம் அந்தப் பெட்டிதான். பின்னால் பல கம்பெனிகள் விற்றவற்றில் நிறைய அதன் நகல்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு இசட்80 நுண்செயலி, அதற்கான நினைவகம், பிட்டுகளை ஒலியாகவும் ஒலியைப் பிட்டுகளாகவும் மாற்றும் ஒரு மோடம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஏஎக்ஸ்.25 என்ற நெறிமுறையின் முழுச் சுமையும் அந்தப் பெட்டிக்குத்தான். உங்கள் வரியைப் பொட்டலமாகக் கட்டுவது, முகவரி ஒட்டுவது, பிழை கண்டுபிடிக்கும் எண்ணைச் சேர்ப்பது, அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது, எதிர்முனையிலிருந்து 'வந்தது' என்ற பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவது, எல்லாமே. கணினி செய்வது எழுத்தை அனுப்புவதும் வந்த எழுத்தைத் திரையில் காட்டுவதும் மட்டும். 1985-இல் நிறையப் பேர் இதற்குக் கணினிகூட வைத்துக்கொள்ளவில்லை, விசைப்பலகையும் திரையும் மட்டும் உள்ள ஒரு வெறும் டெர்மினலை வைத்தே ஓட்டினார்கள்.

மாடல் 100 அந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஜப்பானின் கியோசெரா தயாரித்து 1983-இல் டாண்டியின் ரேடியோ ஷாக் கடைகளில் வந்த கணினி அது. 80சி85 நுண்செயலி, சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் வேகம். 40 எழுத்து அகலத்தில் 8 வரி காட்டும் திரவப் படிகத் திரை, முழு அளவு விசைப்பலகை, நான்கு பென்சில் செல்லில் ஏறக்குறைய 20 மணி நேரம். இதன் நிரலில் கணிசமான பகுதி பில் கேட்ஸ் தன் கையால் எழுதியது. பத்திரிகையாளர்கள் ஊர் ஊராகத் தூக்கிப்போய்ச் செய்தியைத் தட்டித் தொலைபேசி வழியாக அனுப்ப வாங்கினார்கள். அதற்காகவே 'டெல்காம்' என்ற டெர்மினல் நிரலை உள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் 25 பின் கொண்ட ஆர்எஸ்-232 போர்ட். பாக்கெட்டுக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். எதையும் நிறுவ வேண்டியதில்லை, தரவிறக்க வேண்டியதில்லை.

வேகம் போதுமா என்றால், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் ஹேண்டி ஓடும் இரண்டு மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து) அலைவரிசையில் வழக்கமான பாக்கெட் வேகம் நொடிக்கு 1200 பிட். 128 எழுத்துள்ள ஒரு பொட்டலத்துக்கு முகவரி முதலியவை சேர்ந்து 20 பைட் கூடும். 148 பைட் என்றால் 1184 பிட், அதாவது ஒரு நொடி. டிரான்ஸ்மிட்டர் எழுந்திருக்க ஒரு கால் நொடி, எதிர்முனையின் பதிலுக்கு இன்னும் கொஞ்சம். மாடல் 100-இன் முழுத் திரையும் 320 எழுத்துதான், அது நிரம்பவே நாலைந்து நொடி ஆகும். வானில் எழுத்து வரும் வேகத்துக்கு மாடல் 100 சுலபமாக ஈடுகொடுக்கும். இங்கே கணினி யாரையும் காத்திருக்க வைப்பதில்லை.

இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. வாங்குவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் மேலே சொன்னது, ஏஎக்ஸ்.25 முழுவதையும் தன்னுள் வைத்திருக்கும் டிஎன்சிக்குப் பொருந்தும். 1987 வாக்கில் பில் கார்ன், மைக் செப்போனிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள் 'கிஸ்' என்று ஒரு எளிய முறையைக் கொண்டு வந்தார்கள். டிஎன்சியின் மூளையை ஓரம்கட்டிவிட்டு, நெறிமுறை வேலையைக் கணினிக்கே மாற்றுகிற முறை அது. பெரிய கணினி வைத்திருப்பவர்களுக்கு வசதியான ஏற்பாடு. இப்போது புதிதாக வரும் சின்னச் சின்ன டிஎன்சிகளில் பல கிஸ் மட்டுமே பேசும். அப்படிப்பட்ட ஒன்றை மாடல் 100-இல் மாட்டினால் திரையில் குப்பை எழுத்துதான் வரும், தட்டுவது எதுவும் வானுக்குப் போகாது. உங்களுக்கு வருவது பழைய டிஎன்சி என்பதால் அநேகமாக முழு மூளையோடு இருக்கும். கேபிசி-3, எம்எஃப்ஜே-1270, பிகே-88, டைனி-2 என்று ஏதாவது எழுதியிருந்தால் கவலை இல்லை.

ஆனால் முந்தைய சொந்தக்காரர் அதைக் கிஸ் முறையில் போட்டு அப்படியே விட்டிருக்கலாம். சில பெட்டிகள் மின்சாரத்தை அணைத்துப் போட்டாலும் அந்த நிலையை மறக்காது. அப்போது பெட்டி செத்துவிட்டது என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். 192, 255, 192 என்ற மூன்று பைட்டுகளை வரிசையாக அனுப்பினால் கிஸ்ஸிலிருந்து வெளியே வந்துவிடும். விசைப்பலகையில் அவற்றைத் தட்டுவது சிரமம். மாடல் 100-இன் பேசிக்கில் சீரியல் போர்ட்டை ஒரு கோப்பு மாதிரி திறந்து, அந்த மூன்று எண்களையும் எழுத்தாக மாற்றி அச்சிடும்படி இரண்டு வரி எழுதினால் போதும். இந்த மூன்று எண் தெரியாமல், நன்றாக இருந்த டிஎன்சியைப் பழுது என்று சொல்லிப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விலைக்கு ஒன்றை வாங்கியும் இருக்கிறேன்.

அடுத்தது உள் மோடம். நல்ல கேள்வி இது, ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் முடியும் போலவே இருக்கும். மாடல் 100-க்குள் இருப்பது நொடிக்கு 300 பிட் போகும் தொலைபேசி மோடம். அதன் இரண்டு ஒலிகளுக்கும் இடையே 200 ஹெர்ட்ஸ் வித்தியாசம். சிற்றலையில் ஓடும் பாக்கெட்டும் 300 பிட், 200 ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான்! ஒரு காலத்தில் நானும் இதில் மயங்கி ஒரு வாரம் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். சிக்கல் ஒலியில் இல்லை, எழுத்துகளை அடுக்கும் விதத்தில் இருக்கிறது. கணினியின் சீரியல் சில்லு ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட் போட்டே தீரும், அதைத் தடுக்க வழியில்லை. ஏஎக்ஸ்.25 பொட்டலத்தில் அப்படிப் பிரிவுகள் கிடையாது. தலை முதல் வால் வரை ஒரே ஓட்டமாகப் பிட்டுகள் போகும். உள்ளே ஐந்து ஒன்றுகள் அடுத்தடுத்து வந்தால் ஆறாவதாக ஒரு பூஜ்யத்தை நுழைக்க வேண்டும். பூஜ்யம் என்றால் ஒலி மாறும், ஒன்று என்றால் மாறாது. இதைச் சீரியல் சில்லு செய்யாது. மேலும் இரண்டு மீட்டரில் வேண்டியது 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளும் 1200 பிட் வேகமும். உள் மோடத்துக்கு அது எட்டவே எட்டாது. ஆக, டிஎன்சி கட்டாயம் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அலமாரியிலிருந்து எடுத்தவுடன் செல் போட்டு ஆன் செய்யாதீர்கள். உள்ளே பலகையில் சின்னதாக ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைத்திருக்கும், முதன்மைச் செல்களை எடுத்தாலும் நினைவகம் அழியாமல் காப்பதற்காக. நாற்பது வருடத்தில் அது கசிந்து பச்சையாகப் பூத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். கசிவு பலகையின் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். முதலில் அடிமூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றித் திறந்து பாருங்கள். பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் கழுவிக் காய விடுங்கள். அந்தப் பேட்டரி இல்லாமலும் கணினி ஓடும், செல் கழற்றினால் நினைவகம் போய்விடும், அவ்வளவுதான். திரை மங்கலாகவோ கோடுகோடாகவோ இருந்தால் மின்வழங்கல் பகுதியின் மின்தேக்கிகளை மாற்ற வேண்டியிருக்கும். இந்த மாடலில் வழக்கமாக வரும் நோய் அது. உங்கள் கணினியில் எந்த அளவுக்கு என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அடாப்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாடல் 100 கேட்பது 6 வோல்ட், ஆனால் அதன் பிளக்கில் நடுமுனை எதிர்மின். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று சொன்ன ஒன்றை நம்பி நான் ஒருமுறை செருகினேன். அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பலகையோடு போனது. ரீசார்ஜ் ஆகும் பென்சில் செல் நான்கு போட்டு ஓட்டுங்கள். வெளியில் எடுத்துப் போவதற்கும் அதுதான் வசதி.

கேபிள். மாடல் 100-ம் டிஎன்சியும் 25 பின் போர்ட்டில் நேருக்கு நேர் பேசக்கூடியவை. இரண்டாவது பின்னிலிருந்து இரண்டாவதற்கு, மூன்றிலிருந்து மூன்றுக்கு என்று நேர்க்கம்பிதான். கணினிக்கும் கணினிக்கும் போடுவது மாதிரி குறுக்குக் கேபிள் போட்டால் ஒன்றும் வராது. 2, 3, 4, 5, 6, 7, 8, 20 ஆகிய எட்டையும் நேராகப் போட்டுவிட்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். சில டிஎன்சிகளில் மீதிப் பின்களில் வேறு மின்னழுத்தங்களைக் கொண்டுவந்திருப்பார்கள். டிஎன்சியை மாட்டும் முன் போர்ட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. டெல்காமுக்குள் போய் எஃப்3 அழுத்தி 58என்1இ என்று கொடுங்கள். 5 என்றால் 1200 பாட், 8 என்றால் எட்டு பிட், என் என்றால் சமபிட் (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை, 1 முடிவு பிட், கடைசி இ என்றால் மென்பொருள் வழி நிறுத்து-விடு கட்டுப்பாடு. பிறகு எஃப்4 அழுத்தி டெர்மினலுக்குள் போய், 2, 3 பின்களை ஒரு காகித கிளிப்பால் இணைத்துத் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்தால் போர்ட் நலம். கிளிப்பை எடுத்தவுடன் நின்றுவிட வேண்டும். எடுத்த பிறகும் எழுத்து வந்துகொண்டிருந்தால், அதே எஃப்4-ஐ அழுத்தி அரை நிலையிலிருந்து (தட்டுவதைக் கணினியே திரையில் காட்டும் நிலை) முழு நிலைக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். எதுவுமே வராவிட்டால் மல்டிமீட்டரை 7-க்கும் 2-க்கும் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மைனஸ் 5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், நான் சொன்ன அந்த மின்தேக்கிகள்தான்.

டிஎன்சி-2 வகையில் தொடக்க அமைப்பு ஏழு பிட், இரட்டைச் சமபிட். ஆகவே 58என்1இ போட்டு ஆன் செய்தால் பாதி எழுத்து புரியும், பாதி கிறுக்கலாக வரும். பயப்பட வேண்டாம், 57இ1இ போட்டுப் பாருங்கள். வேகம் பெட்டியின் பின்பக்கத்துச் சின்ன சுவிட்சுகளில் இருக்கும். கேபிசி-3 என்றால் அதுவே ஒவ்வொரு வேகமாக முயன்று, சரியான வேகம் வரும்போது நட்சத்திரக் குறியை அழுத்தச் சொல்லும். வேகத்தை 1200 அல்லது 2400-இல் வையுங்கள். அதற்கு மேல் போனால் மாடல் 100-இன் திரை மேலே நகர்த்திக் காட்டுவதற்குள் அடுத்த எழுத்துகள் வந்து முட்டும். நிறுத்து-விடு கட்டுப்பாடு காப்பாற்றும் என்றாலும், வானில் 1200 ஓடும்போது கம்பியில் 9600 எதற்கு?

எல்லாம் சரியாக இருந்தால் 'சிஎம்டி' என்ற மூன்று எழுத்தும் ஒரு முக்காற்புள்ளியும் வரும். முதல் முறை அது வரும்போது கிடைக்கும் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. 'மைகால்' கட்டளையில் உங்கள் அழைப்புக்குறியைக் கொடுங்கள். 'ஸ்க்ரீன்எல்என்' கட்டளையை 80-இலிருந்து 40 ஆக்குங்கள், இல்லாவிட்டால் வரிகள் கண்ட இடத்தில் உடையும். 'ஆட்டோஎல்எஃப்' ஆன். எழுத்து இரட்டை இரட்டையாக வந்தால் மாடல் 100-ஐ முழு நிலைக்கு மாற்றுங்கள். 'மானிட்டர்' ஆன் செய்தால் அலைவரிசையில் போவதெல்லாம் தெரியும். 'கான்வ்' என்றால் நீங்கள் தட்டுவது வானுக்குப் போகும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் மறுபடி கட்டளை நிலை. இதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டியவை பத்துப் பதினைந்து இருக்கும், அவை ஓட்டிப் பழகும்போது வரும். ஒரு நாள் அணைத்து வைத்து மறுபடி போடும்போது உங்கள் அழைப்புக்குறிக்குப் பதில் 'நோகால்' என்று காட்டினால், டிஎன்சிக்குள் இருக்கும் லித்தியம் வட்டச் செல் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

கணினிப் பக்கம் இவ்வளவுதான். என் அனுபவத்தில் பாக்கெட் ஓடாத பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தவறு நடப்பது டிஎன்சிக்கும் ரேடியோவுக்கும் இடையில். ஆனால் எல்லாரும் கணினியைத்தான் சந்தேகப்படுவார்கள். முதல் குற்றவாளி ஒலி அளவு. டிஎன்சியின் ஒலியை மைக் குழிக்குள் அதிகமாகக் கொடுத்தால் ஒலி சிதைந்து, காதுக்குப் பலமாகக் கேட்டாலும் எதிர்முனை ஒரு பொட்டலத்தையும் பிரிக்காது. இன்னொரு ஹேண்டியை வைத்துக்கொண்டு 'கேலிபிரேட்' கட்டளையால் ஒலியை அனுப்பிக் கேளுங்கள். டிஎன்சியின் திருகை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் சத்தம் கூடாது. அங்கிருந்து, கேட்கும் சத்தம் பாதியாகும் வரை இறக்குங்கள். ஆய்வுக்கூட முறை இல்லைதான், ஆனால் எனக்கு இதுவரை ஏமாற்றம் தந்ததில்லை.

இரண்டாவது, ஹேண்டியின் மின்சேமிப்பு. பேட்டரியை மிச்சப்படுத்த ரிசீவர் நொடிக்குச் சில முறை கண்ணை மூடித் திறக்கும். பேச்சில் இது தெரியவே தெரியாது, ஒரு அசை போனாலும் காது ஈடுகட்டிக்கொள்ளும். பொட்டலத்தில் முதல் சில பிட் போனாலே முழுப் பொட்டலமும் போச்சு. இதைக் கண்டுபிடிக்காமல் நான் மூன்று மாலை நேரங்களைத் தொலைத்தேன், டிஎன்சியைக் குறை சொல்லிக்கொண்டு. மெனுவில் சேமிப்பை அணையுங்கள். இரட்டை அலைவரிசை கவனிப்பையும் அணையுங்கள். ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் பகுதி) மெதுவாகத் திறக்கும் செட் என்றால் அதைக் குறைவாக வையுங்கள். முழுக்கத் திறந்து வைத்தால் சில பழைய டிஎன்சிகள் இரைச்சலையே சிக்னல் என்று நினைத்துக்கொண்டு உங்களை அனுப்பவே விடாது. டிரான்ஸ்மிட்டர் எழுந்த பிறகு பொட்டலத்தைத் தொடங்கக் காத்திருக்கும் நேரமான 'டிஎக்ஸ்டிலே'யை 30-இல், அதாவது 300 மில்லிநொடியில் தொடங்குங்கள். மலிவு ஹேண்டிக்கு 40, 50 தேவைப்படலாம்.

மூன்றாவது, உங்கள் ஆன்டெனாவின் சக்தி உங்கள் கேபிளுக்குள்ளேயே நுழைவது. ஹேண்டியை அதன் ரப்பர் ஆன்டெனாவோடு டிஎன்சியின் தலையில் வைத்து அனுப்பினால், அனுப்பும் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், அல்லது மாடல் 100 உறைந்து நிற்கும். ஆன்டெனாவை ஒரு கேபிளில் மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள், குறைந்த சக்தியில் தொடங்குங்கள், மைக் கேபிளில் ஒரு ஃபெரைட் வளையம் போடுங்கள். அந்தக் காலத்துக் கணினிகள் திருப்பியும் இரைச்சல் கொடுக்கும். அதற்கும் இடைவெளிதான் மருந்து.

மாடல் 100-ஐ இதில் எனக்குப் பிடித்துப்போகக் காரணம் டெல்காமின் டெர்மினலுக்குள் போன பிறகு வேறு வேலை செய்யும் எஃப்2, எஃப்3 விசைகள். எஃப்2 அழுத்திப் பெயர் கொடுத்தால் வருவதெல்லாம் நினைவகத்தில் ஒரு கோப்பாகச் சேரும். எஃப்3 அழுத்தினால், முன்கூட்டியே நிதானமாகத் தட்டி வைத்த கோப்பு அப்படியே டிஎன்சிக்குப் போகும். முழு 32கே போட்ட கணினியில் முதல் திரையிலேயே 29638 பைட் காலி என்று காட்டும். 8கே என்றால் 5062 தான். அதுகூட ஒரு சாயங்காலத்துப் பேச்சுக்குப் போதும். தேதி மட்டும் வேடிக்கை காட்டும். வருடத்தின் முதல் இரண்டு இலக்கம் 19 என்றே பதிந்து வைத்திருக்கிறார்கள், மாற்ற முடியாது. பதிவேட்டுக்கு உங்கள் கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒரு கேள்வி: யாரோடு பேசுவது? 1990களில் நான் இருந்த ஊரில் டிஎன்சியைப் போட்டால் திரை நிற்காமல் ஓடும், பாக்கெட் செய்திப் பலகைகள் இரவு முழுக்கக் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டிருக்கும். இன்று திருநெல்வேலியில் போட்டால் ஒரு வரியும் வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் குறைந்தது ஒரு நண்பரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் பழைய டிஎன்சி இருக்க வேண்டும் என்றில்லை, மடிக்கணினியில் டைர்வுல்ஃப் என்ற இலவச நிரல் போதும், வானில் இரண்டும் ஒரே மொழிதான். மூன்றாவது ஒருவர் உயரமான மாடியில் டிஎன்சியை வைத்தால் அதுவே உங்கள் பொட்டலத்தை வாங்கித் திருப்பி அனுப்பும் இடைநிலையம். அதற்குக் கணினியே மாட்ட வேண்டாம். கேபிசி-3 போன்றவற்றில் சின்ன அஞ்சல்பெட்டியும் உண்டு. கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் கடிதம் பெட்டியில் இருக்கும்.

நண்பர் கிடைக்கும்வரை தலைக்கு மேல் ஒன்று இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்கான பாக்கெட் இடைநிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதுண்டு. எல்லா நாளும் இருக்காது. சில காலம் பேச்சு ரிப்பீட்டராக மாற்றிவிடுவார்கள், சில நாள் அணைத்திருப்பார்கள். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. ஒரு தடவை கடந்து போக அதிகபட்சம் பத்து நிமிடம். 1200 பிட், சாதாரண எஃப்எம், உங்கள் டிஎன்சிக்கு எந்த மாற்றமும் வேண்டாம். நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை சற்று நகரும் டாப்ளர் விலகல் இங்கே 3.5 கிலோஹெர்ட்ஸ் அளவுதான், எஃப்எம் தாங்கிக்கொள்ளும். முதலில் 'மானிட்டர்' ஆன் செய்து கேட்க மட்டும் செய்யுங்கள். மூன்று உறுப்பு யாகி (ஒரே திசையை நோக்கும் ஆன்டெனா) ஒன்றைக் கையில் பிடித்து வானத்தை நோக்கித் திருப்பினால் வரிகள் விழும். அனுப்பும்போது, இணைப்பு இல்லாமல் பொதுவாக அனுப்புவதற்கான 'அன்ப்ரோட்டோ' கட்டளையில் வழியாக 'ஏஆர்ஐஎஸ்எஸ்' என்று கொடுத்து ஒரு குறுஞ்செய்தி, ஒன்றோ இரண்டோ தடவை, அவ்வளவுதான். நிலையத்தின் வழியாக 'கனெக்ட்' கொடுத்து அரட்டை அடிக்க முயலாதீர்கள். பதில் வராத ஒவ்வொரு பொட்டலத்தையும் டிஎன்சி விடாமல் மறுபடி அனுப்பி, அந்தப் பத்து நிமிடத்தை இரண்டாயிரம் கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் எல்லாருக்கும் கெடுத்துவிடும். மொட்டை மாடியில், இருட்டில், பின்னொளி இல்லாத அந்தத் திரையை வாசிக்க ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். மறந்துவிட்டு நான் பலமுறை தீப்பெட்டியைத் தேடியிருக்கிறேன்.

ராஸ்பெரி பை வாங்கலாமா என்றால், நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வரைபடத்தில் நிலையங்களைப் பார்க்க வேண்டும், இணையத்தோடு இணைக்க வேண்டும், அலைவரிசையை நாள் முழுக்கப் பதிவு செய்ய வேண்டும் என்றால் பைதான் சரி, மாடல் 100-ஐ அதற்கு இழுக்காதீர்கள். ஒலி அட்டையும் மென்பொருளும் பலவீனமான பொட்டலங்களைப் பிரிப்பதில் பல பழைய டிஎன்சிகளை விடக் கெட்டி என்பதையும் நான் மறைக்க மாட்டேன். 9600 பிட் பாக்கெட்டில் இறங்குவதாக இருந்தாலும் மாடல் 100 என் தேர்வு இல்லை. அந்த வேகத்தில் நான் இதை ஓட்டிப் பார்த்ததும் இல்லை. ஆனால் பை வழியில் திரை, விசைப்பலகை, மின்சாரம், இயங்குதளம், ஒலி அட்டை என்று ஒவ்வொன்றையும் சேர்த்து முடிக்கும்போது, பாக்கெட் எப்படி வேலை செய்கிறது என்பதை விட லினக்ஸைப் பற்றித்தான் அதிகம் கற்றிருப்பீர்கள். டிஎன்சியின் கட்டளைகளைக் கையால் தட்டும்போது நெறிமுறையின் ஒவ்வொரு அசைவும் கண்ணுக்குத் தெரிகிறது. புதிதாக வருபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். யாராவது பழைய டாஸ் மடிக்கணினி தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பேகாம் என்ற சின்ன மோடத்தை வைத்து டிஎன்சி இல்லாமலே ஓட்ட அதில் முடியும். ஆனால் அது உண்மையான சீரியல் போர்ட்டில்தான் ஓடும், யுஎஸ்பி மாற்றி வழியாக ஓடாது.

டிஎன்சி பார்க்கப் போகும்போது மாடல் 100-ஐயும் நேர்க்கேபிளையும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். விற்பவர் வீட்டுத் திண்ணையிலேயே மாட்டிப் பாருங்கள். 57இ1இ, 58என்1இ இரண்டையும் முயலுங்கள். ஒன்றும் வராவிட்டால் அந்த மூன்று எண். 'சிஎம்டி' வந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.